பேர் போடுவாங்க

எங்கள் நிறுவனத்தில் யாருக்கோ ஒரு நாள் ஞானம் பிறந்தது. மனிதாபிமான உதவி என்றால் என்னவென்று தோட்ட மக்களுக்குத் தெரியாதாம். தினம் ஒரு கேள்வி கேட்டு அதைப் புகட்ட வேண்டுமாம். ஹட்டன் அலுவலகத்தில் தமிழ் நன்றாக எழுதுகிறவள் பெற்றீசியா என்று நான் பெயர் வாங்கி வைத்திருந்தேன். வேலி ஓணான் என் மடிக்குள்தான் வந்து விழுந்தது.

லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அறுபத்திரண்டு பேரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். பகல் பன்னிரண்டரைக்கு, கொழுந்து நிறுத்துவிட்டு அவர்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துக் கேள்வி போகும். செஞ்சிலுவை இயக்கம் எந்த நாட்டில் தொடங்கியது? உலக மனிதாபிமான தினம் எந்த மாதம் வருகிறது? முகாமில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை லீற்றர் தண்ணீர்? குளிரில் விறைத்த விரலோடு சோற்றைப் பிசைகிறவர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் கேட்டேன். சம்பளத்துக்கு வேலை செய்கிறவளுக்கு வெட்கம் மாலை ஐந்து மணிக்கு மேல்தான்.

முதல் பதில் எப்போதும் ஜீவராணி அக்காவிடமிருந்து வரும். அக்காவுக்கு எழுத்து வாசிப்பு இல்லை. வீட்டில் கேள்வியை வாசித்துக் காட்டுவது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் சுலக்ஷனா. மலையில் நிற்கும்போது பக்கத்து நிரைப் பெண்கள் யாராவது. பதில் அக்காவின் சொந்தக் குரலில் வரும், பத்துக்கு ஒன்பது பிழையாக.

"சுவிஸா மிஸ்? நான் இந்தியான்னு நெனச்சேன். அங்கேருந்து தானே எல்லாம் வருது, நாங்க உட்பட."

பதிலோடு வேறு கதையும் வரும். அட்டை கடித்தது, புருஷன் கந்தப்பனுக்குப் பல்வலி, கங்காணிக்குப் புதுத் தொப்பி. ஒரு நாள், முகாமில் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். மூன்றரைச் சதுர மீற்றர் என்பது விடை.

"அத அடியில சொல்லுங்க மிஸ்," என்றது அக்கா. சொன்னேன்: ஆறடிக்கு ஆறடி, இன்னும் கொஞ்சம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல் பதிவு. "எங்க காம்பரா பத்துக்குப் பன்னெண்டு. கொழுந்தனார் குடும்பத்தோட ஏழு பேரு. அப்ப எங்களுக்கு முகாமே தேவல போல இருக்கே மிஸ்!" பின்னால் நாலைந்து பெண்கள் சிரிப்பது கேட்டது.

அதை எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் றொனால்ட் சேர் கேட்டுவிட்டார். குழுவை ஒழுங்காக நடத்தத் தெரியாதா என்றார். அந்தக் கோபத்தை நான் கொண்டுபோய் ஜீவராணி அக்கா மேல் இறக்கினேன். 'தயவுசெய்து பதில் மட்டும் அனுப்பவும். வேறு பேச்சு வேண்டாம்' என்று எல்லோருக்கும் பொதுவாகப் போடுவது போல் போட்டேன். யாருக்குப் போட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் அக்காவின் பதில் ஒரே சொல்லில் வந்தது. அதுவும் பிழை.

நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மழை வந்தது. அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்கு மேலே மலை வெடித்திருக்கிறது என்று எல்லோரையும் தோட்டத்துப் பாடசாலைக்கு ஏற்றினார்கள். பாடசாலை உயரத்தில், பாறை மேல் இருக்கிறது. லயமும் பெரட்டுக்களமும் கீழே. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்தான் பெரட்டுக்களம். ஐந்து நாள் வேலை இல்லை. கரண்டும் இல்லை. கோயில் ஜெனரேட்டரில் நாலைந்து போன்களுக்குத்தான் சார்ஜ் ஏற முடிந்தது.

ஐந்தாம் நாள் மாலை எனக்கு ஒரு அறிவித்தல் வந்தது. 'அனர்த்த நிவாரணத்துக்கான குடும்ப விபரப் பதிவு நாளை மு.ப. ஏழு மணிக்கு ஆரம்பமாகும்.' இதை அப்படியே அனுப்பியிருக்கலாம். அனர்த்தம், விபரம் என்றெல்லாம் எழுதினால் யாருக்கு விளங்கும் என்று நினைத்தேன். என் அம்மாவே இந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தவள், நம் சனத்தின் பேச்சு எனக்குத் தெரியாதா என்ற கெப்பர் வேறு. இப்படி மாற்றி எழுதினேன்:

'நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பேர் போடுவாங்க. எல்லாரும் நேரத்தோட வந்துருங்க.'

எழுதி முடித்துவிட்டு எனக்கே திருப்தியாக இருந்தது. எவ்வளவு எளிமை!

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பெரட்டுக்களத்தில் நேரத்துக்குப் போய் நின்றால்தான் அன்றைக்குப் பேர். பிந்திப் போனால் பேர் இல்லை, கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 'இன்னைக்குப் பேர் போடுறாங்களா' என்று ஒருத்தி கேட்டால், இன்றைக்கு வேலை கொடுக்கிறார்களா என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதது அல்ல. இந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ஒவ்வொரு விடியலும் எழும்பினேன், பத்து வயதில் அம்மா என்னை ஹட்டன் கொன்வென்டில் விடும்வரை. மறக்கவில்லை, நினைத்துப் பார்க்கவில்லை. மறந்திருந்தாலாவது மன்னிக்கலாம்.

மறுநாள் ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது படிவக் கட்டோடு பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். தூறல் விட்டபாடில்லை. பெண்கள் தேநீருக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஜீவராணி அக்காவைக் காணவில்லை.

"எங்க அக்கா? எதுக்கும் முதல் ஆளா நிக்குமே," என்று ராசம்மாவிடம் கேட்டேன்.

"அது விடியவே போயிருச்சே மிஸ். பேர் போடுறாங்களாம், எங்க போன்ல சார்ஜ் இல்ல, நாங்க ஒண்ணும் பாக்கல. பெரட்டுக்களத்துக்குப் போயிட்டு வாறேன்னு மழைக்குத் தலையில படங்கப் போட்டுக்கிட்டு எறங்கிருச்சு."

படிவங்களை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். பாடசாலைப் படியில் பாதி இறங்கியிருப்பேன், சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தேன். இடி அவ்வளவு நேரம் உருளாது. அது நின்றபோது பெரட்டுக்களம் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், வேரோடு தலைகீழாகக் கிடந்த தேயிலைச் செடிகளும் இருந்தன.

மூன்றாம் நாள்தான் அக்காவை எடுத்தார்கள்.

அந்த மூன்று நாளுக்குள் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே அந்தச் செய்தியை அழித்துவிட்டேன். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அதன் இடத்தில் ஒரு வரி நின்றது. அது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

பிறகு பேச்சுக் கிளம்பியது. அன்றைக்கு நாங்கள் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொன்னார். அது உண்மை. கூப்பிடாத வேலைக்கு ஏன் போனாள்? ஒரு பேருக்கு ஆசைப்பட்டுப் போனாள் என்று ஊர் சொன்னது. கந்தப்பன் அண்ணன் அதைவிடச் சத்தமாகச் சொன்னார். அவர் அன்று இருட்டோடு ஆண்களுடன் ரோட்டில் விழுந்த மரம் வெட்டப் போயிருந்தார். போகுமுன், எவன் கூப்பிட்டாலும் கீழே இறங்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். "என் பேச்ச மீறிப் போனா. புருஷன் புள்ளையவிடப் பேரு பெருசாப் போச்சு அவளுக்கு," என்று பாடசாலை முற்றத்தில் நின்று கத்தினார். நான் பத்தடி தூரத்தில் பருப்பும் சீனியும் பங்கிட்டுக்கொண்டிருந்தேன். செத்தவளின் பேர் கெட்டுக்கொண்டிருந்தது, அடுத்த ஆளின் பையைப் பிடித்து நான் சீனியைப் போட்டேன்.

இரண்டு மாதம் போனது. மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோருக்குச் சனங்களை மாற்றினார்கள். கேள்வியை மறுபடியும் ஆரம்பியுங்கள், மக்களின் மனம் கொஞ்சம் மாறும் என்றார் றொனால்ட் சேர். ஆரம்பித்தேன். பதில் போட ஆள் இல்லை. பங்கேற்பு குறைந்துவிட்டது, ஏன் என்று அறிக்கை கேட்டார்கள். என்னத்தை எழுத?

ஒரு சனிக்கிழமை, அன்றைய கேள்விக்காகப் பட்டியலைத் திறந்தேன். 'உதவி செய்யப் போகிறவர் எல்லாவற்றுக்கும் முன்னால் நினைவில் வைக்க வேண்டியது எது? அ) வேகம். ஆ) தீங்கு செய்யாமை. இ) சிக்கனம்.' மழைக்கு முன்னால் நானே உட்கார்ந்து மொழிபெயர்த்த கேள்வி. சரியான விடைக்குப் பக்கத்தில் என் கையாலேயே ஒரு சரி அடையாளம். மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கேள்வியை அனுப்பவில்லை. சேரிடம் தலையிடி என்று சொல்லிவிட்டு லிந்துலை பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்டோருக்குள் சாக்குத் திரை கட்டிப் பிரித்திருந்தார்கள். சுலக்ஷனா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். முன்கதை பேசினால் கோழைத்தனம் வந்துவிடும் என்று நேரே சொன்னேன்.

"பேர் போடுறாங்கன்னு அன்னைக்கு வந்த மெசேஜ் நான் போட்டது புள்ள. நிவாரணத்துக்குப் பேர் எழுதுறத அப்புடி எழுதிட்டேன். அழிச்சதும் நான்தான்."

"தெரியும் மிஸ்," என்றாள். மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நான்தானே அம்மாவுக்கு வாசிச்சேன்."

"அது வேற பேருன்னு உனக்கு எப்புடிப் புள்ள தெரியும்…"

"அம்மா கேட்டிச்சு. இந்த மழையில எந்தப் பேருடி, மிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேளுன்னு. நான் கேக்கல மிஸ். வேறு பேச்சு வேணாம்னு நீங்க போட்டிருந்தீங்கல்ல, திட்டுவீங்கன்னு பயந்துட்டேன். வேலைக்குத்தாம்மான்னு சொல்லிட்டேன்."

என்னை அவள் அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவளுடைய மாப் பிடித்த கைகளைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிராதீங்க மிஸ். என்னைய வெறுத்துரும்."

"உன்னப் பத்தி ஒரு சொல் வராது," என்றேன். அந்தப் பிள்ளை இரண்டு மாதமாக அதைச் சுமந்துகொண்டு ரொட்டி சுட்டிருக்கிறது.

கந்தப்பன் அண்ணன் விறகுக் கட்டோடு வந்தார். என்னைக் கண்டதும் கட்டை இறக்கி, "வாங்க மிஸ், தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். அந்த மரியாதை என்னைச் சுட்டது. நின்றபடியே எல்லாம் சொன்னேன். மகள் பக்கம் பார்க்கவே இல்லை. செய்தியை வாசித்தது யார் என்று அவர் கேட்டால், ஜெனரேட்டர் பக்கம் நின்ற யாரோ என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"அப்ப அவளக் கூப்புட்டாங்களா?" என்றார்.

"கூப்பிட்டாங்க அண்ணே. நான்தான் கூப்பிட்டேன்."

"கூப்புட்டதுக்குத்தான் போனாளா?"

"ஆமா அண்ணே."

கையை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கட்டும் என்றும் இருந்தது. அவர் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துப் பேசினார். என்னிடம் பேசியது மாதிரியும் இல்லை.

"குழியில எறக்கிட்டு மண்ணு போடச் சொன்னாங்க. நான் போடலீங்க. என் பேச்ச மீறிப் போனவளுக்கு என் கையால மண்ணு எதுக்குன்னு திரும்பி நடந்துட்டேன். இருபத்திரண்டு வருசம் என்னோட பொழச்சவ. ஒரு கைப்பிடி மண்ணு போடலீங்களே நான்."

சுலக்ஷனா அழத் தொடங்கினாள். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இப்பப் போயிப் போட்டா அவளுக்குச் சேருமாங்க மிஸ்?"

"தெரியல அண்ணே," என்றேன்.

அவர் எழுந்து மலைத்தண்ணீர் விழும் பீலியில் முகத்தையும் கைகாலையும் கழுவினார். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "வா புள்ள, அம்மாகிட்டப் போயிட்டு வருவோம்," என்றார். அவள் மாப் பிடித்த கையோடு எழுந்து போனாள். தேயிலைக்கு நடுவே சவக்காலைக்குப் போகும் பாதையில் இரண்டு பேரும் இறங்கினார்கள். என்னைக் கூப்பிடவில்லை.