மல்கிரேவ் வீடு மேலெழுந்த கிழமை

மல்கிரேவில் இரத்தினசிங்கத்தின் வீடு 2024 யூலை முதலாம் திகதி, அந்த ஊர்க் குளிர்காலத்தின் நடுவில், திங்கட்கிழமை காலை, நிலத்தை விட்டு மேலே கிளம்பியது. அன்று ஒரு தாள் நுழையும் அளவுக்குத்தான். புதன்கிழமை வாசல்படி எட்டாமல் போக, இரத்தினசிங்கம் குசினிக் கதிரையொன்றை வெளியே கொண்டுவந்து போட்டார். வெள்ளிக்கிழமை கதிரையும் போதாமல் ஏணி வைத்தார். தன்னுடைய கீரைப் பாத்தியில் நிழல் விழுகிறதென்று பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் கவுன்சிலுக்கு எழுத, அந்த வீதியில் ஒன்பது மீற்றர்வரை வீடு உயரலாம், இன்னும் நிறைய இடமிருக்கிறது என்று மறுநாளே பதில் வந்தது. கவுன்சில் இவ்வளவு சுறுக்காகப் பதில் எழுதியதுதான் வீதிச் சனத்துக்கு அதிசயமாக இருந்தது.

வீடு ஏன் கிளம்பியது என்பது கேதீஸ்வரனுக்கு மட்டும் தெரியும். சித்திரையில் அந்த வீட்டைச் சூடாக்கும் பைப்புகளைப் பூட்டியவன் அவன்தான். பொயிலரில் கொதிக்கும் தண்ணீரைப் பம்பு ஒன்று அறை அறையாக ரேடியேற்றர்களுக்கு அனுப்பும். ஆறியதைத் திருப்பி எடுக்கும். அந்தத் தண்ணீரில் காற்றும் கலந்திருக்கும், துருவும் சேறும் கலந்திருக்கும். இரண்டையும் பிடித்து நிறுத்த இரண்டு பித்தளைச் சட்டிகள் ஒரே பெட்டியில் வரும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், வேலை வேறு வேறு. அழுக்குச் சட்டியைத் தண்ணீர் ஆறித் திரும்பும் பைப்பில் வைக்கவேண்டும். காற்றுச் சட்டியையோ தண்ணீர் பொயிலரை விட்டு வெளியே வரும் வாயிலேயே, பம்புக்கு முன்னால் வைக்கவேண்டும். ஏனென்றால் தண்ணீர் நல்ல சூட்டில்தான் காற்றை விடும், ஆறினால் விழுங்கிக்கொள்ளும். பொயிலர் வாயிலிருந்து வந்த பைப்பு அந்த வீட்டின் சாமியறைச் சுவருக்குள்ளால் போனது.

அங்கேதான் இரத்தினசிங்கத்தின் மனைவி சத்தியபாமா குறுக்கே வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, இதென்ன என்று கேட்டார். ஒன்று அழுக்குப் பிடிக்கிறது என்று கேதீஸ்வரன் சொல்லி முடிக்கவில்லை.

"தம்பி, சாமிக்குப் பின்னால அழுக்குச் சட்டி வேண்டாம். ரெண்டையும் அங்கால உடுப்புத் தோய்க்கிற லோண்டறியில கொண்டுபோய்ப் பூட்டுங்கோ."

அங்கே வருவது அழுக்குச் சட்டியல்ல, காற்றுச் சட்டி என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஓம் அன்ரி" என்றான்.

அவனைக் குற்றம் சொல்லுமுன் இதையும் கேளுங்கள். 2012இல் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்புமுகாமில் இரண்டு வருடம் இருந்தவன். கேள்வி கேட்கிற ஆளின் முகத்தைப் பார்த்து ஓம் சொல்லப் பழகி, தற்காலிக விசாவில் மேலும் ஒன்பது வருடம் எல்லா முதலாளிக்கும் ஓம் சொல்லி, இந்த வருடம்தான் நிரந்தர விசாவோடும் சொந்த லைசென்சோடும் தன் பெயரில் முதல் வேலை எடுத்திருந்தான். இரண்டு சட்டியும் ஆறின தண்ணீரில், லோண்டறிக்குள், பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தன. காற்று போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு வந்தது. குளிர் கூடக் கூட சூடும் கூடியது, கடைசியில் வீடு கிளம்பியது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கேதீஸ்வரன் வந்தபோது வீட்டின் தரை அவன் தோளுயரத்தில் நின்றது. நிலத்திலிருந்து பொயிலருக்கு ஏறும் காஸ் பைப்பு விறைத்துப்போயிருந்தது. இன்னும் ஒரு சாண் எழும்பினால் அறுந்துவிடும். சரி, பொயிலரை நிற்பாட்டலாமென்றால் தண்ணீர் ஆறிக் காற்றை விழுங்க, வீடு ஒரேயடியாக விழும். உள்ளே இரத்தினசிங்கத்தின் மகள் சிவாஜினி இருந்தாள். எட்டு வருடம் காத்திருந்து, வயிற்றை வெட்டிப் பெற்றெடுத்த பெண்குழந்தைக்கு அன்று பத்தொன்பதாம் நாள்.

"முதல்ல பிள்ளையையும் தாயையும் இறக்குவம்" என்றான்.

"தையல் காயாத பச்சை உடம்புக்காரி ஏணியில இறங்கிறதோ? உந்தக் குளிர் காத்துக்க பிள்ளையைக் கொண்டுபோறதோ?" என்றார் சத்தியபாமா.

"அப்ப சாமியறையைத் திறவுங்கோ. அந்தச் சுவரை உடைக்கவேணும்."

சாமியறை பத்தொன்பது நாளாகப் பூட்டிக்கிடந்தது. பிள்ளை பிறந்த துடக்கு முப்பத்தொரு நாள் கழியாமல் அந்தக் கதவு திறக்கப்படாது. அவர்கள் வழக்கம் அப்படி. சத்தியபாமா கதவுக்கு முன்னால் வந்து நின்றார். அப்போது வீடு ஒருபக்கம் சரிந்து, அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. வெளியே காஸ் பைப்பு கிரீச்சிட்டது.

"வேற இடத்தில பூட்டுங்கோ தம்பி."

"இல்லை அன்ரி." பன்னிரண்டு வருடத்தில் அவன் ஒருவரின் முகத்துக்கு நேரே சொன்ன முதல் இல்லை அது. "வேற இடம் இல்லை. அண்டைக்கு நான் ஓம் எண்டது பிழை. இண்டைக்கும் ஓம் எண்டால் உங்கட மகளும் பிள்ளையும் விழுவினம்."

சத்தியபாமா அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தார். பிள்ளையார், முருகன், அம்மன் என்று ஒவ்வொரு படமாகத் தானே கழற்றிப் புருசன் கையில் கொடுத்தார். அது முடிய, கேதீஸ்வரனின் சுத்தியலை வாங்கிச் சுவரில் முதல் அடியையும் அவரே போட்டார். பாவம் வந்தால் தன்னோடு போகட்டும் என்று.

பம்பை நிற்பாட்டி இரண்டு பக்கத்து வால்வையும் மூடினால் தண்ணீர் ஆற இருபது நிமிடம் எடுக்கும். அதற்குள் பைப்பை வெட்டவேண்டும், லோண்டறியில் கழற்றி வைத்திருக்கும் காற்றுச் சட்டியை இங்கே பொருத்தவேண்டும், முறுக்கவேண்டும். ஐந்தாம் நிமிடம் வீடு இன்னும் சரிந்தது. சிவாஜினியின் கட்டில் யன்னல் பக்கம் வழுகத் தொடங்கியது; இரத்தினசிங்கம் படங்களைச் சோபாவில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். பதினோராம் நிமிடம் வீடு ஒரு சாண் விழுந்து நின்றது. சிவாஜினி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கேதீஸ்வரன் கொதிதண்ணீர் பட்ட கையைப் பார்க்காமல் முறுக்கினான். பதினெட்டாம் நிமிடம் வால்வைத் திறந்து பம்பைப் போட்டான்.

சட்டியின் மூக்கிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. இரத்தினசிங்கம் எழும்பிப்போய் யன்னல்களைத் திறந்தார். வீடு விரல் விரலாக இறங்கி, பின்னேரம் நாலரைக்கு, பழைய இடத்திலிருந்து அரை விரற்கடை தள்ளி நிலத்தில் அமர்ந்தது. கேதீஸ்வரன் வாசல்படியில் இருந்து அழுதான். சத்தியபாமா அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கைக்குப் பூச மருந்து தேடப் போனார்.

குழந்தை மட்டும் இறங்கவில்லை. பிறந்து வந்த நாளிலிருந்து அந்தக் காற்றைச் சுவாசித்த பிள்ளை, படுக்கைக்கு நாலு விரற்கடை மேலே மிதந்தபடி நித்திரை கொண்டது. கேதீஸ்வரனைக் கூட்டிவந்து காட்டினார்கள். சிவாஜினி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கும் ஏதும் பூட்டவேணுமோ அண்ணை?"

"வேண்டாம் தங்கச்சி. யன்னலைத் திறக்கேக்க மட்டும் கவனம்."

அடுத்த கிழமை பிள்ளை நிறுக்கிற நேர்ஸ் வந்தாள். தராசில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு நாடாவால் நீளத்தை அளந்து எழுதி, எடை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, பால் நன்றாகக் குடிக்கிறது, தாய் நலம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள்.