கையெழுத்து வரும் வரை

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ரயிலேறிய நாற்பத்திரண்டு ஏப்ரலில், எதிர்த்திசையிலிருந்து ஒரே ஒரு ஆள் மாம்பலத்தில் வந்து இறங்கினார். கோவில்பட்டி கான்ஸ்டபிள் சுயம்புலிங்கம். வீரமெல்லாம் இல்லை, பேப்பர் படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

சட்டைப்பையில் கோவில்பட்டி கோர்ட்டின் வாரண்ட். கழுகுமலை மாட்டுச் சந்தையில் கைகலந்துவிட்டு, வாய்தாவுக்கு வராமல் போன மாம்பலத்துப் பால்காரர் பொன்னுரங்கத்தைப் பிடித்துப் போக வேண்டும். வேற்றூர் வாரண்ட் என்பதால், இந்த ஊர் அதிகாரி அதன் முதுகில் கையெழுத்துப் போட்டால்தான் ஆள்மேல் கை வைக்கலாம். போலீஸ் ஸ்டேஷனிலோ ரைட்டர் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டரு பந்தோபஸ்துக்குப் பூட்டாரு நைனா. நாளைக்கு வா."

"அதுக்குள்ள அவன் ஓடிட்டாம்னா?"

"ஓடிடுவான்னு தோணிச்சின்னா கையெழுத்து இல்லாமயே புடிக்கலாம். சட்டத்துலயே கீது. ஆனா தோணணும், இன்னா?"

சுயம்புலிங்கத்துக்கு அங்கேயே தோன்றிவிட்டது. ஊரே ஓடுகிறபோது வாரண்ட் ஆசாமி மட்டும் உட்கார்ந்திருப்பானா? கைவிலங்கைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பொன்னுரங்கத்தின் தெருவுக்குள் நுழைந்ததும் நடை தானாகத் தளர்ந்தது. இருபுறமும் மாடி வீடுகள், அத்தனையிலும் பூட்டு. மனிதக் குரலே இல்லை. தன் செருப்புச் சத்தத்துக்கே பயந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார், ஜப்பான்காரனோ என்று.

எங்கோ ஒரு வாளி கணீரென்றது. உடனே ஒரு கொல்லையிலிருந்து மாடு கத்தியது. அடுத்த கொல்லையிலிருந்து இன்னொன்று. குரல் வீட்டுக்கு வீடு தாவித் தெருக்கோடிவரை போயிற்று. கன்றுகள், கிளிகள், வாத்துகள், சங்கிலியில் கிடந்த நாய்கள்... பூட்டிய தெரு முழுவதும் ஒற்றைத் தொண்டையாக யாரையோ கூப்பிட்டது. சுயம்புலிங்கம் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கோயிலில்கூட யாராவது இடித்துச் சொன்னால்தான் கழற்றுகிற ஆள்.

இரண்டு வாளியோடு வந்தவரின் தோளில் ஒரு கிளி. இடுப்பில் கொத்துச் சாவி.

"பொன்னுரங்கம் நீருதானா?"

"நான்தான் ஏட்டையா. வாரண்டா? வாய்தாவுக்குக் கெளம்பிக்கினுதான் இருந்தேன். சாவிய என் கையில திணிச்சிட்டு எல்லாரும் பூட்டாங்க. நான் வந்துட்டா இதுங்களுக்கு யாரு தண்ணி காட்டுறது? இந்த வெயிலுக்கு ரெண்டு நாள் தாங்காது, செத்துப்பூடும்." வாளிகளை வைத்துவிட்டுக் கைகளை நீட்டினார். "இட்டுக்கினு போறதுன்னா போ. மொதல்ல அதுங்ககிட்ட நீயே சொல்லிடு."

ஒரு பசு மறுபடி கத்தியது. சுயம்புலிங்கம் பொன்னுரங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

இவன் ஓடிவிடுவானா? வலிந்து தோன்றவைத்துப் பார்த்தார். தோன்றவே இல்லை. பட்டணத்திலேயே ஓட முடியாத ஒரே மனிதன் இவன்தான்.

"நீரு ஓடமாட்டீரு. அதனால கையெழுத்து இல்லாம உம்மத் தொடமுடியாது. சட்டம்வே, நான் என்ன செய்ய!" என்றார், சட்டத்தின்மேல் முதன்முதலாகப் பாசம் பொங்க. கைவிலங்கைப் பைக்குள் போட்டார். ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டார். "கெணறு எங்க இருக்கு?"

மறுநாள் கையெழுத்து வாங்கப் போக வேண்டும் என்றுதான் நினைத்தார். தெருவில் முதல் குடும்பம் திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்வரை நேரம்தான் கிடைக்கவில்லை.