வேணி வைத்த பொட்டு

விழுப்புரம் நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் வேணிக்கு நல்ல பெயர் இருந்தது. வன்கொடுமை வழக்கில் அடிபட்டவர்கள் பக்கம் கடைசி வரை நிற்பவள் என்று போலீஸ்காரர்களே சொல்வார்கள். மயிலத்துக் கல்லூரியில் அரசியல் சட்ட நாள் வந்தால் பேச அவளைத்தான் அழைப்பார்கள். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று சொல்லும் பதினேழாவது பிரிவைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் கடைசி வரிசையில்கூட செல்போன்கள் உள்ளே போய்விடும்.

லூர்துமேரி அவளைத் தேடி வந்தது வலது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியைச் சேர்ந்தவள், ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. நூறு நாள் வேலையில் வருகை பதிந்து, வேலையை அளந்து விடுகிற பொறுப்பு அவளுடையது. ஏரி தூர் வாரிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எல்லாருக்குமென்று வைத்திருந்த குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஊர்த்தெருச் சின்னதுரை குடத்தை எட்டி உதைத்தான். சாதியைச் சொல்லித் திட்டி, மண்வெட்டிக் காம்பால் அவள் தோளில் ஓங்கி அடித்தான். காறை எலும்பு முறிந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. லூர்துமேரி பிறந்ததிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறவள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாங்கிய சாதிச் சான்றிதழில் மட்டும் இந்து என்று இருந்தது. கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை என்கிறது சட்டம். பட்டியல் சாதி இல்லையென்றால் அந்தத் தடுப்புச் சட்டமும் அவளுக்கு இல்லை. ஊருக்கு அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஒன்றுதான், குடத்தைத் தொடக் கூடாது. சட்டத்துக்கு மட்டும் அவள் என்றைக்கோ சாதியைவிட்டு வெளியே வந்துவிட்டவள்.

வழக்கை நடத்திய அரசு வக்கீல் கோதண்டபாணி வேணியிடம் முன்கூட்டியே சொன்னார். "மதத்தப் பத்திக் கேட்டா இருக்கறத சொல்லட்டும்மா. அந்தச் சட்டம் நிக்காட்டியும் எலும்பு முறிஞ்சது நிக்கும். தண்டனை வாங்கிடலாம்."

"அப்ப அது வெறும் அடிதடி ஆயிடும் சார். அந்தக் குடம் எங்க போவும்?" என்றாள் வேணி.

"கேள்வி நியாயந்தான். அத இந்த கோர்ட்டுல கேட்டு ஒண்ணும் ஆவாது."

வேணி தலையை ஆட்டினாள். ஆனால் அவள் மனம் ஒப்பவில்லை. அவள் வீட்டிலும் இதே கதைதான். அம்மா படுக்கைக்கு மேலே சிலுவை தொங்கியது, பீரோவில் இந்து என்ற சான்றிதழ் இருந்தது. சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், அண்ணனுக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்ததும் அந்தச் சான்றிதழில்தான். அநியாயமான சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவதில் தப்பில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். அதோடு, இந்த வழக்கை முழுசாக ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அது நியாயத்துக்கான ஆசையா, தன் பெயருக்கான ஆசையா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

சாட்சி சொல்லும் நாளன்று காலையில், கோர்ட் வேப்பமரத்தடியில் லூர்துமேரியைத் தனியாக அழைத்துப் போனாள்.

"அக்கா, அந்த ஜெபமாலைய கழட்டிடுங்க. இந்துவான்னு கேட்டா ஆமான்னு சொல்லுங்க. சான்றிதழ்ல அதான் இருக்குது. அதுக்கு மேல எது கேட்டாலும் தெரியாது."

"பொய்யில்லையாம்மா?"

"அவங்க அடிச்சது பொய்யா?"

லூர்துமேரி இடது கையால் மாலையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வேணி தன் கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அவள் நெற்றியில் தானே ஒட்டினாள். லூர்துமேரி கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போட நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தது சின்னதுரையின் வக்கீல் சுப்பராயலு. சத்தம் போடாத மனிதர்.

"நீங்க இந்துவாம்மா?"

"ஆமாங்க."

"ஒங்க ஊட்டுக்காரரு தவறிட்டாரு இல்ல?"

"ஆமாங்க."

"எங்க அடக்கம் பண்ணீங்க?"

லூர்துமேரி திரும்பி வேணியைப் பார்த்தாள். வேணி கையிலிருந்த காகிதக் கட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்கம்மா. மாதா கோயில் கல்லறையில்தானே?"

"தெரியாதுங்க."

"கட்டினவர எங்க பொதைச்சோம்னு தெரியாதா?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அந்தப் பக்கம் முறைத்ததும் அடங்கியது. சுப்பராயலு ஒரு படத்தை நீட்டினார். திருவிழாவில் மாதா தேருக்கு முன்னால் மெழுகுத்திரி பிடித்துக்கொண்டு லூர்துமேரி நின்றாள். பக்கத்தில் பங்குச் சாமியார்.

"இவர தெரியுமா?"

"தெரியாதுங்க." சொன்னதும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லிங்க, தெரியும். எம் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தவரு. நான் கிறிஸ்துவச்சிதாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னீர்கள். இப்படிச் சொல்லும்படி உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?"

எழுந்து நிற்க வேண்டும் என்று வேணியின் கால்களுக்குத் தெரிந்திருந்தது, எழவில்லை. கோதண்டபாணி அவளைத் திரும்பிப் பார்த்தார். லூர்துமேரியும் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"யாரும் சொல்லலிங்க. நானாதான்."

தீர்ப்பு வந்தபோது தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றானது. அடித்த குற்றமும் நிற்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் யாரும் பார்க்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது லூர்துமேரியின் வாய்ச்சொல் ஒன்றுதான், சத்தியம் செய்து பொய் சொன்னவளின் சொல்லை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது என்றார் நீதிபதி. சின்னதுரை விடுதலையானான். கோதண்டபாணி வேணியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பார்த்தால் நின்று பேசாமல் தலையசைத்துவிட்டுப் போனார், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வேணி ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பஸ் மாறி லூர்துமேரியின் ஊருக்குப் போனாள். பூசை முடிகிற நேரம், காலனியே மாதா கோயிலில் இருந்தது. லூர்துமேரி மட்டும் வீட்டு வாசலில் சாக்கை விரித்து, ஒற்றைக் கையால் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது, கழுத்தும்தான்.

"கோயிலுக்குப் போவலியாக்கா?"

"சாமியார் வான்னுதான் சொல்றாரு. எனக்குத்தான் மூஞ்சி இல்ல. புருஷன் கல்லறைய தெரியாதுன்னவ எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?"

வேணி மண்ணில் உட்கார்ந்தாள். "தப்பு என்னுதுக்கா. நான் கோர்ட்டுல சொல்லிடறேன்."

"இப்ப சொல்லி?"

"மேல்முறையீடு போடலாம். அந்தப் பொய் ஒங்களுது இல்லன்னு தெரிஞ்சா, எலும்பு முறிஞ்சதையாவது மறுபடி பாப்பாங்க."

"ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராதா?"

"வரலாம்."

"அப்ப வேணாம் வுடுங்க. இன்னொருத்தி குடும்பம் ஏன் கெடணும்."

அந்த வார்த்தை காதில் விழுந்த நொடியில் வேணிக்கு நெஞ்சு லேசானது. லேசானதை உணர்ந்த அடுத்த நொடியே முகம் தீயாய்க் காய்ந்தது. அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"எதுக்கு என்ன காட்டிக்குடுக்கல?" என்று கேட்டாள்.

லூர்துமேரி ஒரு மல்லாட்டையை நசுக்கினாள். "காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு இல்லம்மா. நீங்களே எழுந்துப்பீங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். எழுந்துக்கல. சரி, நம்ம புள்ளதானேன்னு வுட்டுட்டேன்."

நம்ம புள்ள. தன் வீட்டுச் சிலுவையைப் பற்றி அவளிடம் வேணி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

மறுவாரமே வேணி தன்னோடு படித்த பிரபாவதியிடம் வழக்கைக் கொடுத்தாள். பிரபாவதி உயர் நீதிமன்றத்தில் வக்கீல். முழுக்கக் கேட்டுவிட்டு, "பிரமாணப் பத்திரம் குடுத்தா பார் கவுன்சில் ஒன்ன சும்மா வுடாதுடி" என்றாள்.

"தெரியும். டைப் பண்ணு."

பிரபாவதியின் உதவியாளர் டைப் செய்து கொண்டு வந்தார். சாட்சிக்கு நானே சொல்லிக்கொடுத்தேன், நானே பொட்டு வைத்தேன், நீதிபதி கேட்டபோது நானே வாய் திறக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. முதல் வரியில், வழக்கம்போல, பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் வயதுக்கும் நடுவே அடித்திருந்தார்: இந்து.

வேணி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். பேனா முனை அந்த வார்த்தைக்கு மேலே வந்து நின்றது. ஒரு கோடு போட்டால் போதும். கல்லூரி இடம், அண்ணனின் வேலை, அவன் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தக் கோட்டோடு அடிபட்டுப் போய்விடும்.

"ஏதாவது திருத்தணுமா மேடம்?" என்றார் உதவியாளர்.

"இல்ல. சரியாத்தான் இருக்குது."

கையெழுத்துப் போட்டாள். மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. பார் கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. துணிந்து உண்மையைச் சொன்னாள் என்று வளாகத்தில் இளம் வக்கீல்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் வேணி வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.