பொருத்தமில்லாத இடம்

டோரின் கடைசிக் கோழியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, மற்றவை கிடந்த அரிசிச் சாக்குக்குள் இறக்கினாள். அது செட்டையை அடித்துக் கத்தியது.

"வாயை மூடு. இல்லாட்டி இண்டைக்கே சட்டியிலதான்" என்றாள்.

பின்பக்கத்தில் அவள் புருஷன் சவுந்தரநாயகம் கங்குன் கீரைப் பாத்தியின் மேல் குப்பை கொட்டிக்கொண்டிருந்தான். உடைந்த கூரைச் சீற்றுத் துண்டுகள், மீன் செதில், ஊறிப்போன மெத்தைப் பஞ்சு. மரவள்ளிகளை ஏற்கெனவே அடியோடு வெட்டியாகிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன் அவன். இடுப்பு நாரி போனதோடு வேலையும் போயிற்று. மட்டக்குளி வரிசை வீடுகளின் பின்சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவில் கிடந்த அந்தத் துண்டு நிலத்தை, குந்தியிருந்தும் தவழ்ந்தும் துப்புரவாக்கியவனும் அவன்தான். இரண்டு பிள்ளைகளின் சோற்றுக்குக் கறி அங்கிருந்துதான் வந்தது.

யாரோ ஒரு மிஸ் வந்து வீடு வீடாகப் பார்த்து எழுதப்போகிறா என்று முந்தின நாள் செய்தி வந்திருந்தது. எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வரிசைக்குப் பார்க்க வருகிறவர்கள் நிவாரணத்துக்குத்தான் வருவார்கள். போன தடவை வந்தவர் டோரின் வீட்டில் ஒரு பிரிஜ்ஜைக் கண்டார். அது செத்து வருஷக் கணக்கு, எலிக்குப் பயந்து அதற்குள் அரிசி வைத்திருக்கிறோம் என்று கதவைத் திறந்தே காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர்களுக்கு நிவாரணம் வரவில்லை.

பக்கத்து வீட்டு லுத்பியா சாக்கை வாங்கிக்கொண்டாள். "எங்கட பாத்ரூம்ல வெக்கிறேன் டோரின் அக்கா. ஆனா உள்ளுக்க முட்ட போட்டா அது எங்கட."

வந்தவள் இளம்பெண், பெயர் சாமினி. கையில் போன் மட்டும் வைத்திருந்தாள். வெயில் எவ்வளவு நேரம் விழும், தண்ணீர்க் குழாய் எங்கே, பின்னால் இடம் இருக்கிறதா என்று விசாரித்தாள். டோரின் எல்லாவற்றுக்கும் கையை விரித்தாள். செடி கொடி ஏதும் வைத்ததுண்டா என்றபோது, "எங்களுக்கு எங்க மிஸ்" என்றாள். ஆடு கோழி? "ஒண்டுமில்ல மிஸ்." சவுந்தரநாயகம் கேட்காமலே நாரியைப் பிடித்துக் காட்டினான். சாமினி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் லுத்பியா ஓடி வந்தாள். வந்தது நிவாரணத்துக்கு அல்லவாம். டவுனுக்குள்ளே வீட்டுத்தோட்டம் போட எந்த இடம் தோதுப்படும் என்று பார்க்கிறார்களாம். தேறிய இடங்களுக்குக் கன்றும் கோழிக்கூடும் குழாயும் வருமாம், கால்வாயோரத்தில் பயிரிட அனுமதியும் எடுத்துக் கொடுப்பார்களாம். அடுத்த வரிசையில் மிளகாய்ச் செடி வைத்திருந்தவளை மெச்சிவிட்டுப் போனாளாம்.

டோரின் செருப்பும் போடாமல் பஸ் ஹோல்ட்டுக்கு ஓடினாள். சாமினியைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். வந்ததும் குனிந்து மெத்தைப் பஞ்சை அள்ளி ஒதுக்கினாள். நசிந்த கங்குன் தண்டுகள் சேற்றோடு சேர்ந்து கையில் வந்தன. பிறகு லுத்பியாவின் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினாள்.

சாமினி கோழிகளைப் பார்த்தாள். "இது ஆர்ட வீடு?"

"எங்கட ஊடு மிஸ். கோழி இவட" என்றாள் லுத்பியா.

"இப்பதானே ஒண்டுமில்ல எண்டீங்க."

"பயத்தில ஒளிச்சம் மிஸ்" என்றாள் டோரின். "இருக்கெண்டா நிவாரணத்த வெட்டிருவாங்க எண்டுதான்."

சாமினி கோபப்படவில்லை. "சாமான் குடுக்கிறாங்க எண்டதும் கோழி வந்திட்டுது" என்று மெல்லச் சிரித்தாள். "கடன் வாங்கின கோழிய எல்லா இடத்திலயும்தான் காட்டுறாங்க, அக்கா. உங்கட இடம் பொருத்தமில்லை எண்டு படத்தோட அனுப்பியாச்சு."

அனுமதியில்லாத கால்வாயோரத்தை அடுத்த மாதம் முள்கம்பியால் அடைத்தார்கள். மேய இடமில்லாத கோழிகளில் சிலதை டோரின் வீட்டில் விற்றார்கள், மற்றதைத் தின்றார்கள்.

மழைக்கு முன்னால் டோரினுக்கு வெள்ளவத்தையில் கூலி வேலை கிடைத்தது, கடற்பக்கத்து பிளாட் ஒன்றின் மொட்டை மாடிக்கு மண் ஏற்றுகிற வேலை. மண் சிந்தும் என்று காவற்காரன் லிஃப்டை விடவில்லை. படியால் சுமந்தாள். மேலே வலையடித்த புதுக் கோழிக்கூடு வெறுமையாக நின்றது. மிளகாய், கத்தரி, கங்குன் கன்றுகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரு திட்டத்தில் சும்மா கிடைத்தது, சாமினி என்று ஒரு பிள்ளை வந்து பார்த்துவிட்டு முதல்தரமான இடம் என்றாள் என்று வீட்டுக்கார மெடம் சொன்னாள்.

டோரின் தொட்டிகளை நிரப்பி, கன்றுகளை ஒவ்வொன்றாக இறக்கி, விரலால் மண்ணை அணைத்தாள். மெடம் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"உனக்கு நல்லா கை வருதே. வீட்டில தோட்டம் கீட்டம் வெச்சிருக்கியா?"

டோரின் நிமிரவில்லை.

"இல்ல மெடம். எங்கட பக்கம் அதுக்குப் பொருத்தமில்லையாம்."

வேலை முடிந்தது. கீழே காவற்காரன் வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பான். டோரின் கைகளை ஒன்றோடொன்று தேய்த்தாள். பாவாடை மடிப்பில் ஒட்டியிருந்த மண்ணையும் உதறி, குனிந்து, மெடத்தின் தொட்டிக்குள்ளேயே போட்டாள்.