ட்ராம் வருமென்று எழுதியிருந்தது

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைக்கவில்லை. நான் செய்தேன். 1995 மாசி மாதம், லண்டன் நோர்பரியில், என் குசினி மேசையில் இருந்துகொண்டு, ஸ்ரீஸ்கந்தராஜா என்ற மனிதருக்கு நகரக் கவுன்சிலிலிருந்து வந்த கடிதமொன்றை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். கடிதத்தில் இருந்தது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் இந்த நாலு வருடமாக எழுதிக் கிழித்த தாள்கள்.

இப்போது 1999 கார்த்திகை. பக்கத்தில் மிச்சம் என்ற இடத்தில் ட்ராம் வெள்ளோட்டம் விடுகிறார்கள். பயணிகள் ஒருவரும் இல்லாமல், விளக்கு மட்டும் போட்டுக்கொண்டு போய்ப் போய் வருகிறது. அதைப் பார்த்தபிறகு இனித் தள்ளிப்போட முடியாது. அந்த ஸ்ரீ அண்ணையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால், லண்டனில் எனக்கிருக்கிற ஒரேயொரு சினேகிதர் போய்விடுவார். சொல்லாவிட்டால் அவர் இன்னொருவன்மேல் கோபித்துக்கொண்டே கிழவனாகிவிடுவார். இரண்டில் எது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தாளனென்றால் இதுதான் வசதி. செய்யவேண்டியதைச் செய்யாமல் எழுதிக்கொண்டிருக்கலாம், ஊரும் மதிக்கும்.

2

கிழித்த தொடக்கங்களில் மூன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். பாருங்கள்.

முதலாவது: "தேம்ஸ் நதியின்மீது பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்..."

(வெட்டு. மிச்சத்திலிருந்து தேம்ஸ் எங்கே தெரிகிறது? என் கதைகளில் பனிமூட்டம் வந்தால் நான் எதையோ மறைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது: "செல்வரத்தினம் ஒரு பேராசைக்காரன். லண்டனில் ஒரு காணி, ஊரில் ஒரு காணி என்று இரண்டு பக்கமும் கைவைக்கப் பார்த்தவன்."

(இதுவும் வெட்டு. பெயரை மாற்றினேன், அது போகட்டும். ஆளை ஏன் பேராசைக்காரன் ஆக்கினேன்? பேராசைக்காரன் ஏமாந்தால் வாசகருக்குப் பரிதாபம் வராது. ஸ்ரீ அண்ணை பேராசைக்காரரா? வேலையில்லாத பொடியங்களின் காரைச் சும்மா திருத்திக் கொடுத்துவிட்டு, மனிசியிடம் பேச்சு வாங்குகிற ஆள் அவர்.)

மூன்றாவது: "கடிதத்தை வாசித்துச் சொன்னவர் ஒரு சட்டத்தரணி..."

சட்டத்தரணியாம்! இந்த இடத்தில் எனக்கே என்மேல் வெறுப்பு வந்துவிட்டது. வாசித்தவன் ஒரு பெற்றோல் ஷெட் காசாளன். ஊரில் இரண்டு வருடம் தற்காலிக ஆசிரியனாக இருந்ததற்காக எல்லாரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிற ஒருவன். நான்.

3

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஸ்ரீ அண்ணை 1985இல் வந்தவர். ரயில் பாலத்துக்குக் கீழே, அந்த வளைவான அறைகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து கராஜ் நடத்துகிறார். மேலே ரயில் போனால் கீழே தேநீர்க் கோப்பை நடுங்கும். அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. அவருடைய கவலை கூரை. அந்த வளைவுக்குள் கார் ஒன்றை உயர்த்தலாம், சாமான் ஏற்றுகிற வான் வண்டியை உயர்த்த முடியாது, இடிக்கும். கடைக்காரத் தமிழர் எல்லாரும் ஓடுவது வான். தன் சனத்தின் வான்கள் எல்லாம் வேறு கராஜுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு பத்து வருடம் குனிந்து வேலை செய்தார்.

1995 தை மாதம் மிச்சத்தில் ஒரு பழைய நிலக்கரி யார்ட் விற்பனைக்கு வந்தது. ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்று அரைமணிக்கு ஒருதரம் ஓடுகிற, ஒருவரும் ஏறாத பாதையின் ஓரத்தில். வர்த்தகக் காணி என்று பலகை போட்டிருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நிலமெல்லாம் கறுப்பு. சப்பாத்தைக் கழுவவே எனக்கு ஒரு நாள் போனது.

"மேல பாருங்கோ மாஸ்டர்," என்றார்.

பார்த்தேன். "ஒண்டுமில்லையே அண்ணை."

"அதைத்தான் சொல்லுறன். ஒண்டுமில்லை. எந்த வானையும் உயர்த்தலாம்."

அந்தப் பாதையில் ட்ராம் வரப்போகிறது, யார்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தம் என்று ஏஜண்ட் சொல்லியிருந்தான். காரை விட்டுவிட்டு சனம் ட்ராமில் வேலைக்குப் போகும், பின்னேரம் வந்து திருத்தின காரை எடுக்கும். ஸ்ரீ அண்ணைக்கு அதைக் கேட்டதிலிருந்து நித்திரையில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்து மூளை. "விக்கிறவன் அப்பிடித்தான் சொல்லுவான். கவுன்சிலிட்டைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கோ. அவங்கள் எழுத்தில தந்தால் வாங்குறன், இல்லாட்டி விடுறன்."

அவர் ஆங்கிலம் பேசிச் சமாளிப்பார், வாசிக்க எழுத வராது. நான்தான் எழுதிப் போட்டேன்.

4

(இந்தப் பகுதியை நான் ஆறு தரம் எழுதிவிட்டேன். ஆறிலும் தவமலர் என்னைக் குழப்புகிறா. தவமலர் ஸ்ரீ அண்ணையின் மனைவி, பள்ளிக்கூடக் குசினியொன்றில் வேலை. ஒரு பாத்திரமாக எனக்கு அவவைப் பிடிக்கவில்லை. சரியான இடத்தில் சரியான கேள்வி கேட்கிற பாத்திரத்தை எந்த எழுத்தாளனுக்குப் பிடிக்கும்?)

மறுமொழி வந்தது. இரண்டு பக்கம். ட்ராமுக்கான சட்டம் போன வருடமே நிறைவேறிவிட்டது. நீங்கள் கேட்கும் யார்டை ஒட்டியே ஒரு நிறுத்தம் வரும். இரண்டு வருடத்துக்குள் வேலை தொடங்குமென எதிர்பார்க்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்குகிற ஆங்கிலம்.

ஸ்ரீ அண்ணையும் தவமலரும் என் முன்னால் இருந்தார்கள். நான் இரண்டு பக்கத்தையும் மெதுவாக வாசித்தேன். பிறகு சொன்னேன்:

"இன்னும் முடிவாகேல்லையாம் அண்ணை. காசு ஒதுக்கினால் பாப்பினமாம். எப்பிடியும் பத்துப் பன்னிரண்டு வருசம் செல்லுமாம்."

அந்தப் 'பத்துப் பன்னிரண்டு' இருக்கிறதே, அது என் தொழில். பொய்யை வெறுமனே சொன்னால் நம்பமாட்டார்கள், ஒரு சின்ன விபரம் வைத்தால் நம்புவார்கள் என்று இருபது வருடம் கதை எழுதிப் படித்தது. அதைக் கொண்டுபோய் அந்த மனிதரின் தலையில் போட்டேன்.

தவமலர் கேட்டா: "இவ்வளவு பெரிய கடிதத்தில இவ்வளவுதானோ எழுதியிருக்கு?"

"இங்கிலீசுக்காரர் ஒரு விசயத்தைச் சொல்ல ஒன்பது வசனம் எழுதுவினம் தங்கச்சி," என்றேன். ஸ்ரீ அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். தவமலர் சிரிக்கவில்லை.

5

ஏன் செய்தேன்?

அந்தத் தை மாதத்தை நீங்கள் மறந்திருக்கலாம். இலங்கையில் போர்நிறுத்தம். பேச்சுவார்த்தை. லண்டன் முழுக்க ஒரே தொலைபேசிச் சத்தம். "அப்ப எப்ப போறியள்?" என்பதுதான் சந்தித்தால் முதல் கேள்வி. வீடு வாங்க அட்வான்ஸ் கட்டியவன் திருப்பிக் கேட்டான். பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சண்டை பிடித்தார்கள், ஊருக்குப் போய்ப் படிக்க வசதியாக இருக்குமாம். நானும் ஒரு பத்திரிகையில் "இங்கே செங்கல் அடுக்காதீர்கள்" என்று கட்டுரை எழுதினேன். அதை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டியவர்களும் உண்டு.*

(* அவர்களில் ஒருவரைப் போனமாதம் கண்டேன். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரில், அவருக்கு இப்போது மூன்று வீடு. கட்டுரையை எப்போது கழற்றினார் என்று நான் கேட்கவில்லை.)

யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. பக்கத்துக் காணி விலைக்கு நின்றது. ரயில் ஐந்து வருடமாக ஓடவில்லைத்தான். சமாதானம் வந்தால் முதலில் ஓடப்போவது ரயில் என்று நான் அடித்துச் சொன்னேன். நிலையத்துக்கு முன்னால் ஸ்ரீ அண்ணையின் கராஜ், பக்கத்தில் என் புத்தகக்கடை. இந்தப் படத்தை நான் கீறிக் கீறி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் மிச்சத்தில் யார்ட் வாங்கிவிட்டால் போகமாட்டார். அவர் போகாவிட்டால் நானும் போகமாட்டேன், எனக்குத் தெரியும். தனியாகப் போக எனக்குப் பயம். அதுதான். ஒரு துணைக்காக ஒரு மனிதரின் காலை உடைத்தேன்.

அவருக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை என்று எழுதினேன். (வெட்டிவிட்டேன். நினைக்காமல் செய்தால் குறைந்துவிடுமா?)

பங்குனியில் கோண்டாவில் காணியை வாங்கினார். தவமலரின் நகையும் அதற்குள் போனது. சித்திரையில் சண்டை தொடங்கியது. ஐப்பசி முடிவில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழைக்குள் ஊரை விட்டு வெளிக்கிட்டு நடந்தது. நாங்கள் நோர்பரியில் இருந்து வானொலியில் கேட்டோம். அன்று அழுதவர் ஸ்ரீ அண்ணை. காணிக்காக அல்ல.

அந்தக் காணியில் இப்போது என்ன நிற்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. யார்டை வேறொருவன் வாங்கினான். 1997இல் ஒற்றைப் பெட்டி ரயிலை நிறுத்திவிட்டு, ட்ராம் வேலையைத் தொடங்கினார்கள். ஸ்ரீ அண்ணை வேலைநடக்கிற இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"பாத்தியளோ மாஸ்டர்? கவுன்சில்காரன் எனக்குப் பொய் சொல்லிப்போட்டான்."

"ஓம் அண்ணை," என்றேன்.

முதல் பொய்க்கு ஏதாவது சாட்டுச் சொல்லலாம். நாடு, சமாதானம், பைத்தியக்காரத்தனம் என்று. இந்த 'ஓம்' இருக்கிறதே, இதற்கு ஒரு சாட்டும் இல்லை. நான் வெட்கப்படுவது இதற்குத்தான்.

6

முடிவுகள்.

(அ) நான் உண்மையைச் சொல்கிறேன். ஸ்ரீ அண்ணை என் தோளில் கைபோட்டு, "விடுங்கோ மாஸ்டர், எல்லாரும்தானே அப்ப விசரா நிண்டனாங்கள்" என்கிறார். இதை எழுதி முடித்து வாசித்தபோது கண்ணீர் வந்தது. நல்ல எழுத்து. அதனாலேயே சந்தேகம்.

(ஆ) தவமலர் அன்றே அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமோ காட்டி வாசிக்கக் கேட்டுவிட்டா. ஸ்ரீ அண்ணைக்கும் அன்றே தெரியும். தெரிந்தும், ஊர் ஆசையில், அவராகத்தான் கோண்டாவிலைத் தெரிவுசெய்தார். (இந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். இதன்படி என்னில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கடிதத்தை நான் திருப்பிக் கொடுக்கவேயில்லை. "பத்திரமாக வைக்கிறன்" என்று எடுத்து, அடுத்தநாள் குப்பையில் போட்டேன்.)

(இ) இருபது வருடம் கழித்துக் கோண்டாவிலில் ரயில் ஓடுகிறது, காணி விலை ஏறி... இதெல்லாம் என்ன கதை? எழுதவே கை கூசுகிறது.

(ஈ) நான் அவருடைய கராஜுக்குப் போகிறேன். அவர் ஒரு காருக்குக் கீழே கிடக்கிறார். கால் மட்டும் தெரிகிறது. முகம் தெரியாத மனிதரிடம் சொல்வது சுலபம் என்று நினைத்து, "அண்ணை, அந்தக் கடிதம்..." என்று தொடங்க, அவர் மெதுவாக வெளியே வந்து என்னை நிமிர்ந்து

7

மணி அடித்தது. வசனத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். ஸ்ரீ அண்ணை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சவரம் செய்து, நல்ல சேட்டுப் போட்டு வந்திருந்தார். கையில் ஒரு கடித உறை.

"உங்களுக்குச் சொல்லேல்லை மாஸ்டர். கோவிக்கக்கூடாது," என்றார். "பாலத்தடி வாடகையைக் கூட்டிப்போட்டாங்கள். தைக்குப் பிறகு அங்க இருக்கேலாது. அதுதான் அட்வைஸ் சென்டரில ஒரு பிள்ளையைப் பிடிச்சு கவுன்சிலுக்குக் கொம்பிளெயின்ற் எழுதினனான். ட்ராம் இப்போதைக்கு வராதெண்டு எழுத்தில தந்து என்னைக் கெடுத்துப்போட்டியள், இப்ப எனக்கு ஒரு இடம் தாங்கோ எண்டு. மறுமொழி வந்திட்டுது."

"அந்தப் பிள்ளையிட்டைக் காட்டேல்லையோ?"

"அவ வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவா. அதோட, உங்களை விட்டிட்டு நான் ஆரிட்டைக் காட்டுறது?"

குசினி மேசையில் இருந்தோம். உறையை அவர்தான் கத்தியால் கவனமாக வெட்டித் தந்தார். உள்ளே மூன்று தாள். முதல் தாளில் நாலு வரி: தங்கள் முறைப்பாட்டை ஏற்க முடியாது, 1995 மாசியில் தங்களுக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதியை இணைத்துள்ளோம், ட்ராம் வரும், நிறுத்தம் அங்கேதான் என்று அதில் தெளிவாகத் தெரிவித்திருந்தோம். மற்ற இரண்டு தாளும் அந்தப் பிரதி.

மூன்று தாளையும் வாசித்தேன். திரும்ப முதல் தாளுக்கு வந்தேன்.

ஸ்ரீ அண்ணை மேசைக்கு இந்தப் பக்கமாகச் சாய்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழையை ஒத்துக்கொண்டிட்டாங்களோ மாஸ்டர்?"

நான் வாயைத் திறந்தேன். அதுவரை உண்மை. என்ன சொன்னேன் என்பதை எழுதமாட்டேன். எழுதினால் நான் நல்லவனாகிவிடுவேன், தாளில் அது எனக்கு ஐந்து நிமிட வேலை. அதற்காகத்தான் இந்தக் கதையை உங்களிடம் கொடுக்கிறேன். கடிதத்தில் என்ன இருக்கிறதென்று இப்போது உங்களுக்கும் தெரியும். அந்த மனிதருக்கு வாசித்துச் சொல்லுங்கள்.