செர்ரிப் பழம் சூடாக இருக்க வேண்டும்

ஜெர்மனியிலிருந்து அஞ்சலீனா வந்து முப்பத்தொரு மணி நேரமாகியும் தன் அண்ணன் பெனடிக்ற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவன் கொடுத்துவிட்ட, ஐந்து இதய வடிவில் இனிப்பு அப்பம் சுடும் இரும்பு வாஃபிள் அச்சை மட்டும் அண்ணி மெற்றில்டாவிடம் நீட்டியிருந்தாள். லண்டன் பிளேஸ்டோவில் நான்கு வருடமாகக் கணவனுக்காகக் காத்திருக்கும் மெற்றில்டா, அவனுடைய கடிதத்தில் இருந்தபடியே மாவைக் கரைத்தாள்.

"என்ன மச்சாள், தோசையே சுடப்போறியள்? இவ்வளவு தண்ணியா இருக்கு."

"பேசாமல் இரடி. புது அச்சிலை முதலாவது ஒட்டும், அதை எறியவேணும் எண்டு எழுதினவர்."

முதலாவது ஒட்டவில்லை. ஐந்து இதயங்களும் பொன்னிறமாகக் கழன்று வந்தன. கடிதம் சொன்ன வரிசையில் சீனித்தூள் தூவி, சூடான செர்ரியை ஊற்றி, அடித்த கிரீமைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அச்சைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பெல்லாம் பழைய எண்ணெய் கறுத்து இறுகியிருந்தது.

"இது ஆரின்ரை அச்சு?"

அஞ்சலீனா தட்டைத் தொடவில்லை. கிரீம் உருகிச் செர்ரிச் சாற்றில் இறங்கியது.

"அவர் இருக்கிற வீட்டு மனுசியின்ரை பழசு. அவவுக்குப் புதுசு வாங்கிக் குடுத்திட்டார். அண்ணை இனி வரமாட்டார், மச்சாள். அவவோட ஒரு பிள்ளையும் இருக்கு."