அச்சில் ஏறிய திருமதி

பேர்லீ பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே கடைக்குள் நுழைந்தாள்.

"அடியே ஒசெல்லா! சீப்பக் கீழ வை. முதல்ல கீழ வை, கையச் சுட்டுக்கப் போற!"

ஒசெல்லா டிரிபெட் சீப்பைக் கீழே வைக்கவில்லை. அடுப்பில் காய்ச்சி எடுத்த இரும்புச் சீப்பு அது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொரின் டீச்சரின் தலையில் பாதி முடியை நீவி நேராக்கியாயிற்று, மீதிப் பாதி சுருண்டு நின்றது. இந்தக் கோலத்தில் அவளை விட்டுவிட்டு எந்தச் செய்தியையும் கேட்க ஒசெல்லா தயாராக இல்லை.

"என் பேரு வந்திருக்கும். வரும்னு தெரிஞ்சதுதானே? அதுக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

தெரிந்ததுதான். மிசிசிப்பி மாநிலத்தில் போன வருடம் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஓட்டுரிமைக்கு மனுப் போடுகிறவர் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் அச்சடிக்க வேண்டும். ஊருக்குத் தகவல் சொல்வதற்காகவாம். மனுப் போட்ட கறுப்பன் யாரிடம் வேலை பார்க்கிறான், யார் வீட்டில் குடியிருக்கிறான் என்று பார்த்து, அடுத்த திங்கட்கிழமையே அவனைத் தெருவில் நிறுத்த வசதியாக இருக்கும் என்பதை மட்டும் சட்டத்தில் எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஒசெல்லாவிடம் அந்தப் பருப்பு வேகாது. கடை அவளுடையது. தலை வாரிக்கொள்ள வருகிறவர்கள் அத்தனை பேரும் கறுப்புப் பெண்கள். வீடு, அவள் புருஷன் ஆமோஸ் தன் கையால் செங்கல் வைத்துக் கட்டியது. அந்தத் தைரியத்தில்தான் மூன்றாம் தடவையாக மனுப் போட்டிருந்தாள். முதல் இரண்டு தடவையும் பரீட்சையில் தேறவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"பேரு வந்தது பெரிசில்லடி. பேருக்கு முன்னால என்ன வந்திருக்குன்னு பாரு!"

பேர்லீ பத்திரிகையைக் கொரினின் மடியில் விரித்தாள். கொரின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை வாசித்தாள்.

"திருமதி ஒசெல்லா டிரிபெட்" என்றாள், மெதுவாக.

கடையில் இருந்த ஐந்து பெண்களும் கழுத்தை நீட்டினார்கள். இப்போதுதான் ஒசெல்லா சீப்பைக் கீழே வைத்தாள்.

அந்த ஊரில் திருமதி என்பது வெள்ளைக்காரிகளின் சொத்து. கறுப்புப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும், பேரன் பேத்தி எடுத்தாலும், கடைத்தெருவிலும் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் பெயரைச் சொல்லி வா, போ என்பார்கள். வயதாகிவிட்டால் ஆயா. பத்திரிகை தொடங்கி அறுபது வருடத்தில் ஒரு கறுப்புப் பெண்ணின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வந்ததில்லை, செத்த செய்தியில்கூட.

"ஏம்மா திருமதி, என் தலைக்கு எப்ப வருவீங்க? இல்ல நாங்கல்லாம் பின்வாசல் வழியா வரணுமா?" என்று மூலையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். கடையே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து பேர்லீக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒசெல்லாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பத்திரிகையை எடுத்து, அந்த ஒரு வரியின் மேல் எண்ணெய் படாமல் விரலை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனுவில் பெயர் என்ற இடத்தில் அவள் எழுதியது அப்படியே வந்திருந்தது. எழுதும்போது அவளுக்கே தெரியும், அதை வெட்டிவிடுவார்கள் என்று.

வெட்டவேண்டியவன் வெட்டவில்லை, அதுதான் நடந்தது. பத்திரிகையில் அச்சுக் கோக்க வடக்கே ஒஹாயோவிலிருந்து புதிதாக ஒருவன் வந்திருந்தான். ஊர் வழக்கம் தெரியாத மனிதன். கல்யாணமான பெண் திருமதி என்று எழுதியிருக்கிறாள், திருமதி என்று கோத்துவிட்டான், பாவம். அதே பக்கத்தில் நீதிபதியின் மனைவி பெயரும் வந்திருந்தது, வெள்ளைக்காரிகளின் தோட்டக் கழகத் தலைவி என்று. "அவளும் திருமதி, நானும் திருமதியா?" என்று அந்த அம்மாள் போனில் கத்தியது பத்திரிகை ஆபீஸ் வாசல்வரை கேட்டதாம். சனிக்கிழமை அச்சுக் கோத்தவன் ஒஹாயோவுக்கு பஸ் ஏறிவிட்டான். திங்கட்கிழமை ஒசெல்லாவைக் கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

கோர்ட்டுப் பதிவாளர் ஹாஸ்க்யூ. ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் அவர்தான், கல்யாண லைசென்ஸ் கொடுப்பதும் அவர்தான். தடித்தடியான புத்தகங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கூரைவரை அடுக்கியிருந்தன. வெள்ளைக்காரர் புத்தகங்கள் மேலே, கறுப்பர் புத்தகங்கள் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில்.

"வா, ஒசெல்லா. உன்னால மூணு நாளா என் போன் ஓயல."

"நான் யாருக்கும் போன் பண்ணலையே, ஐயா."

"வாய மட்டும் குறைச்சுக்க மாட்ட." அவர் அவளுடைய பரீட்சைத் தாளை மேஜைமேல் போட்டார். மாநிலச் சட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவைக் கொடுத்து அர்த்தம் எழுதச் சொல்வதுதான் பரீட்சை. வெள்ளைக்காரருக்கு ஒரு வரிப் பிரிவு. ஒசெல்லாவுக்கு, ரயில்வே கம்பெனிகளுக்கு அரசாங்க நிலம் விடுவதைப் பற்றி அரைப்பக்கம் நீளமாக ஒன்று. அவள் அசரவில்லை. சட்டப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்துக் கடைக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருந்தாள். இரண்டு வருடமாக அந்தக் கடையில் முடி நீவிக்கொண்ட பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பிரிவு மனப்பாடம்.

"பிரமாதமா எழுதியிருக்க. வக்கீல்கூட இப்படி எழுதமாட்டான்" என்றார் ஹாஸ்க்யூ. பக்கத்தில் தட்டச்சு செய்த இன்னொரு காகிதத்தை வைத்தார். "இதையும் படி."

படித்தாள். திருமதி என்ற சொல்லை விவரம் தெரியாமல் தவறாக எழுதிவிட்டேன், அதைத் திருத்தி வெளியிடும்படி பத்திரிகையைக் கேட்டுக்கொள்கிறேன் என்று, அவள் பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"இதுல கையெழுத்துப் போடு. அதே பேனாவால நான் உன் தாள்ல தேர்ச்சின்னு எழுதறேன். புதன்கிழமை மத்தியானம்வரைக்கும் யோசி. அப்புறம் பத்திரிகை அச்சுக்குப் போயிடும்."

ஒசெல்லா வீட்டுக்கு நடந்தே வந்தாள். அந்த மாவட்டத்தில் கறுப்பர்கள் ஏழாயிரம் பேர். ஓட்டு உள்ளவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆளாகும் வாசல் திறந்து கிடந்தது. ஒரு கையெழுத்துதான் குறுக்கே நின்றது. ஓட்டு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதுபோல வாழ்க்கையில் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

"போட்டுடு" என்றாள் பேர்லீ, மறுநாள் கடையில். மூன்று கல்யாணம் செய்துகொண்டு மூன்று புருஷன்மாரையும் புதைத்தவள் அவள். எதற்கும் நெடுநேரம் யோசிக்கமாட்டாள். "அவன் குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன? நாங்க கூப்பிடறோம்டி. காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு வேளையும் திருமதின்னு கூப்பிடறோம். நீ உள்ள போய் ஓட்ட வாங்கிட்டு வா."

"அவ சொல்றது சரிதான்" என்றாள் கொரின். "ஒரு சொல்லுக்காக ஒரு ஓட்ட விடறதா, ஒசெல்லா?"

யார் சொன்னதும் தப்பில்லை. அதுதான் சங்கடம். தப்பான யோசனை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஆமோஸ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்று சாப்பாட்டில் சோள ரொட்டியைக் கீரையில் தோய்த்துக்கொண்டே அவனும் அதையேதான் சொன்னான். "போட்டுடு. ஓட்டுதான் முக்கியம்."

"சரி. நான் திருமதி இல்லன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள் ஒசெல்லா. "அப்ப நான் உனக்கு யாரு?"

ஆமோஸின் கை தட்டிலேயே நின்றது. அவன் அப்படி யோசித்திருக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்தான்.

"முப்பத்தேழாம் வருஷம், நவம்பர்" என்றான். "லைசென்ஸ் வாங்கப் போனோமே, ஞாபகம் இருக்கா? ஹாஸ்க்யூ அப்பதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மைக்கூட்டத் தட்டிவிட்டுட்டான். நம்ம பேர் எழுதின பக்கமெல்லாம் மை."

"என் வெள்ளைக் கையுறைலயும் தெறிச்சுது. மன்னிப்புக்கூடக் கேக்கல."

"அந்தப் புத்தகம் அங்கதான இருக்கும்?"

ஒசெல்லா எழுந்துபோய், சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் கோர்ட்டுப் படியேறினார்கள். ஆமோஸ் கோட்டுப் போட்டிருந்தான். உள்ளே ஒரு வெள்ளைக்கார ஜோடி கல்யாண லைசென்ஸ் வாங்க வந்திருந்தது. பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஹாஸ்க்யூ புத்தகத்தில் பெயர் எழுதி, முத்திரை குத்தி, காகிதத்தை நீட்டினார்.

"இந்தாங்கம்மா. சனிக்கிழமையிலேருந்து நீங்க திருமதி. இனிமே யாரும் உங்களப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது" என்று சிரித்தார். பெண் வெட்கப்பட்டாள்.

பிறகு அவர் ஒசெல்லா பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "வந்தியா? புத்திசாலி. இந்தா பேனா."

ஒசெல்லா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, உங்க கால்கிட்ட, கீழ்த்தட்டுல, கறுப்பர் புத்தகம் ஒண்ணு இருக்கும். முப்பத்தேழாம் வருஷம், நவம்பர். மை கொட்டின பக்கம். நீங்கதான் கொட்டினீங்க."

ஹாஸ்க்யூவின் கண் அவரை மீறி ஒரு தடவை கீழ்த்தட்டுக்குப் போய்த் திரும்பியது. அந்த இளம்பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு இப்பக் குடுத்தீங்களே, அதே காகிதத்தத்தான் எனக்கும் குடுத்தீங்க. இதே முத்திரை, இதே கையெழுத்து. அதுல எழுதினது தப்புன்னு முதல்ல நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க, ஐயா. அதுக்குக் கீழயே நான் போடறேன்."

பேனாவை அந்தத் தட்டச்சுக் காகிதத்தின்மேல் வைத்து அவர் பக்கமாக நகர்த்தினாள். ஆமோஸ் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

ஹாஸ்க்யூவின் கழுத்து சிவந்தது. பரீட்சைத் தாளை இழுத்து, குறுக்கே ‘தேறவில்லை’ என்று எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

"போ வெளிய."

ஒசெல்லா வெளியே வந்தாள். போய்விட்டது, பன்னிரண்டாவது ஓட்டு போய்விட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் தலை குனியவில்லை, குனியவும் தோன்றவில்லை. ஆமோஸ் ஒரு படி கீழே இறங்கி நின்று, திரும்பிக் கையை நீட்டினான். இருபத்தாறு வருடத்தில் அவளை அவன் ஒரு தடவைகூட ‘நீங்க’ என்று சொன்னதில்லை.

"பாத்து இறங்குங்க, திருமதி டிரிபெட்" என்றான்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. பட்டியலில் வெறும் ஒசெல்லா டிரிபெட். அதன் கீழே கட்டம் கட்டி ஒரு திருத்தம்: சென்ற வாரம் திருமதி ஒசெல்லா டிரிபெட் என்று அச்சானது பிழை, வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பேர்லீ அதைக் கடையின் நடுவில் நின்று உரக்க வாசித்தாள். வாசித்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"முட்டாப் பசங்க! போன வாரம் பொடி எழுத்துல போட்டாங்க. இந்த வாரம் கட்டம் கட்டி, கொட்டை எழுத்துல மறுபடியும் திருமதின்னு போட்டிருக்காங்களே!"

இந்தத் தடவை சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. சிரிப்பு அடங்கியதும் கொரின் நாற்காலியை விட்டு எழுந்தாள். பள்ளிக்கூட வேலை போய்விடும் என்று இத்தனை நாள் மனுவையே தொடாதவள் அவள். "திங்கட்கிழமை நானும் வரேன், ஒசெல்லா. எனக்கும் கல்யாண லைசென்ஸ் குடுத்தது அந்த ஆளுதான்" என்றாள். அதற்குப் பிறகு யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் விஷயம் மாவட்டத்தின் கடைசிப் பருத்திக் காடுவரை போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஹாஸ்க்யூ ஆபீஸ் கதவைத் திறந்தபோது ஒசெல்லா முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கொரின், அவளுக்குப் பின்னால் பேர்லீ. வரிசை படியிறங்கி, கோர்ட்டு முன்னால் நின்ற பழைய பீரங்கியைச் சுற்றி, தெருவரை போயிருந்தது. எல்லார் தலையிலும் தொப்பி, எல்லார் கையிலும் கையுறை. அத்தனை தலையும் ஒசெல்லா சனிக்கிழமை முழுக்க நின்று நீவிய தலைகள்.

"எனக்கு மூணு லைசென்ஸ் இருக்குடி" என்று பேர்லீ பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். "எந்தத் திருமதின்னு எழுதட்டும்?"

"கடைசியா யாரப் புதைச்சியோ, அவரு பேர எழுது. பேசாம நில்லு."

ஹாஸ்க்யூ மனுத் தாளை அவள் முன்னால் போட்டார். "மறுபடியுமா, ஒசெல்லா?"

ஒசெல்லா கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள். பெயர் என்ற இடத்தில் முதல் சொல்லை, போன தடவையைவிடப் பெரிதாக எழுதினாள். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தாள்.

"எனக்குப் பின்னால இருபத்திமூணு திருமதிங்க நிக்கிறாங்க, ஐயா" என்றாள். "மைக்கூட்ட நிரப்பி வைங்க. இந்தத் தடவ கொட்டிடாதீங்க."